கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் முதல் பிசினஸ் வகுப்பு: எச்-4 விசாவில் வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணவருடைய அல்லது மனைவியுடைய வேலைக்காக சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வந்து, எச்-4 விசாவில் வீட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். "பக்கத்துலயே காலேஜ் இருக்கே, ஒரு கோர்ஸ் பண்ணலாமே" என்று பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவது, எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. கம்யூனிட்டி காலேஜ் எனப்படும், இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், மூன்று யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) கொண்ட 'பிசினஸ் அறிமுகம்' வகுப்பில் சேர்ந்து முடிக்க எனக்கு ஆன அலைச்சலில் பாதிக்கு மேல் தேவையில்லாதது.

ஒரு கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் வசிப்பவர் என்று கல்லூரி உங்களை ஏற்றுக்கொண்டால் யூனிட்டுக்கு 46 டாலர், மூன்று யூனிட்டுக்கு 138 டாலர். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அதே வகுப்புக்கு, அதே நாற்காலிக்கு, ஆயிரம் டாலருக்கு மேல் போகும். இந்த வித்தியாசத்தை முடிவு செய்வது உங்கள் பெயரில் இருக்கும் சில தாள்களும் அவற்றில் இருக்கும் தேதிகளும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பிசினஸைவிடத் தாள்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

1. உங்கள் விசாவுக்கு இது பொருந்துமா என்று பாருங்கள்

எச்-4 இல் இருப்பவர்கள் படிக்கத் தனி அனுமதி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு வகுப்பும் எடுக்கலாம், முழுநேரமாகவும் படிக்கலாம். மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டியதில்லை. இதைச் சொல்லக் காரணம், கல்லூரித் தளத்தில் 'இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்' என்ற பக்கத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் பலர் அதற்குள் போய்விடுகிறார்கள். அது எஃப்-1 மாணவர்களுக்கானது. அங்கே டோஃபல் மதிப்பெண், வங்கி இருப்புச் சான்று, பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் என்றெல்லாம் கேட்பார்கள். உங்களுக்கு அது எதுவும் வேண்டாம். உள்ளூர் மாணவர்கள் போடும் சாதாரண விண்ணப்பம்தான் உங்களுக்கும்.

நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகி வந்தவரின் குடும்பத்துக்கான எல்-2 விசாவில் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். ஊரிலிருந்து சுற்றுலா விசாவான பி-2 இல் வந்து ஆறு மாதம் தங்கும் அம்மா அப்பாவை இப்படிப்பட்ட வகுப்பில் சேர்க்காதீர்கள். அந்த விசாவில் பட்டத்துக்குக் கணக்காகும் படிப்பு படிக்க அனுமதி இல்லை.

2. ஒரு வருடம், ஒரு நாள்: ரெசிடென்சி

ரெசிடென்சி என்றால் நீங்கள் கலிஃபோர்னியாவில் வசிப்பவர் என்று கல்லூரி ஏற்றுக்கொள்வது. இதுதான் மொத்தத்துக்கும் மையம். நிதானமாகப் படியுங்கள்.

பருவம் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளை 'ரெசிடென்சி தீர்மானிக்கும் நாள்' என்று வைத்திருக்கிறார்கள். அந்த நாளுக்குள் நீங்கள் கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும். கூடவே, இங்கேயே நிலையாக இருக்கும் எண்ணம் உங்களுக்கு உண்டு என்பதையும் காட்ட வேண்டும். எச்-4 அதற்குத் தடை இல்லை. எஃப்-1, பி-1, பி-2 போன்ற விசாக்கள்தான் தடை. எஃப்-1 இல் இருந்து எச்-4க்கு மாறியவர்களுக்கு, மாறிய நாளிலிருந்துதான் கணக்கு ஓடும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நான் வந்து இறங்கியது 2022 ஜனவரி 9. நான் சேர நினைத்த பருவம் 2023 ஜனவரி 23இல் தொடங்கியது. ஒரு வருடம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, கவலையில்லை என்று நினைத்தேன். விண்ணப்பத்தில் தேதியை நம் ஊர் வழக்கப்படி 09/01/2022 என்று போட்டேன். இங்கே மாதம்தான் முதலில் வரும். ஆக, கல்லூரிக் கணினிக்கு நான் செப்டம்பர் 1ஆம் தேதி வந்தவள். உடனே வெளிமாநிலக் கட்டணம் விழுந்துவிட்டது. இந்த ஒரு தேதியைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. ஏனென்றால் 'நான் ஜனவரியிலேயே வந்துவிட்டேன்' என்று வாயால் சொன்னால் போதாது. தாள் கேட்டார்கள், என் பெயரில் தாள் இல்லை.

யோசித்துப் பாருங்கள். வீட்டு லீஸ் (வாடகை ஒப்பந்தம்) என் கணவர் பெயரில். கரண்ட் பில் அவர் பெயரில். இணைய இணைப்பு, கார் பதிவு, காப்பீடு எல்லாம் அவர் பெயரில். கூட்டு வங்கிக் கணக்கைத் தொடங்கியது பிப்ரவரி கடைசியில். ஓட்டுநர் உரிமம் எடுத்தது ஜூனில். ஒரு வருடம் இந்த வீட்டில் சமைத்து, துவைத்து, வாழ்ந்திருக்கிறேன். அதற்கு அத்தாட்சியாக என் பெயர் போட்ட ஒரு காகிதம் வீட்டில் இல்லை. அன்றைக்கு அது எனக்கு ரொம்ப வலித்தது. கடைசியில் கைகொடுத்தது லீஸின் கடைசிப் பக்கம். அங்கே 'குடியிருப்போர்' என்ற இடத்தில் என் பெயரும் 2022 ஜனவரி 15 என்ற தேதியும் இருந்தன. அடுக்ககத்தின் அலுவலகத்தில் அதை உறுதிசெய்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஐ-94 வருகைப் பதிவு. அதன் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் நான் எடுக்க நினைத்த வகுப்பு நிரம்பிவிட்டது.

உங்களுக்கு இப்படி ஆகக்கூடாது. வந்த முதல் மாதத்திலேயே, படிக்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவற்றைச் செய்துவிடுங்கள்:

- லீஸில் உங்கள் பெயரைக் குடியிருப்பவராகவாவது சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுபவராக இருந்தால் இன்னும் நல்லது.
- ஓட்டுநர் உரிமம். கார் ஓட்ட மாட்டீர்கள் என்றால், உரிமம் தரும் அதே டிஎம்வி அலுவலகத்தில் கலிஃபோர்னியா அடையாள அட்டை வாங்கலாம். பாஸ்போர்ட், ஐ-94, முகவரிச் சான்று வேண்டும்.
- வங்கிக் கணக்கில் உங்கள் பெயர். மாதாமாதம் வரும் அறிக்கையை பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள்.
- மின்சாரம், இணையம், கைபேசி இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் பெயரில்.
- கணவனும் மனைவியும் சேர்ந்து போடும் மாநில வருமான வரிப் படிவம். அதில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், நல்ல அத்தாட்சி.

கல்லூரிகள் பெரும்பாலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சான்றுகள் கேட்கும். ஒரு வருடத்துக்கு முந்தைய தேதி அதில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நேற்று எடுத்த உரிமம் நேற்றைய தேதியைத்தான் காட்டும். வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவர்கள் பழைய மாநில உரிமத்தையும் வண்டிப் பதிவையும் உடனே மாற்றிவிடுங்கள். டெக்சஸ் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கலிஃபோர்னியாவில் நிலையாக இருக்கிறேன் என்று சொன்னால் எடுபடாது.

விசா முத்திரை காலாவதியாகி, இங்கேயே நீட்டிப்பு வாங்கியவர்கள் ஐ-797 ஒப்புதல் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். அதன் கீழ்ப்பகுதியில் புதிய ஐ-94 இருக்கும். முத்திரைத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு அலுவலர் குழம்புவதை இது தவிர்க்கும்.

ஒரு வருடம் ஆகவில்லையா? அந்த இடைவெளியில் கட்டணம் கட்டிப் படிக்க அவசரப்படாதீர்கள். இதே கல்லூரிகளில் 'நான்கிரெடிட்' என்ற வகை வகுப்புகள் உண்டு: ஆங்கிலம், கணினி, சில இடங்களில் சிறுதொழில். அவற்றுக்குப் பயிற்சிக் கட்டணம் இல்லை. பட்டத்துக்குக் கணக்காகாது, ஆனால் வகுப்பறைப் பழக்கம் வரும், கல்லூரி மின்னஞ்சலும் கிடைக்கும்.

3. விண்ணப்பம்: முதலில் பெயரைத் தீர்மானியுங்கள்

கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பத் தளம், சிசிசி அப்ளை. விண்ணப்பம் இலவசம். பணம் கேட்கும் எந்தத் தளமும் உண்மையான தளம் அல்ல.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சிட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு டிஎம்வி ஒரு மாதிரி எழுதும், வங்கி இன்னொரு மாதிரி எழுதும். கல்லூரி விண்ணப்பத்தில் நீங்கள் மூன்றாவதாக ஒரு மாதிரி எழுதினால், எந்தச் சான்றைக் கொடுத்தாலும் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். ஐ-94இல் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். வகுப்பில் உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கு 'விருப்பப் பெயர்' என்று தனிக் கட்டம் இருக்கிறது. அழகான உங்கள் பெயரை அங்கே எழுதிக்கொள்ளலாம்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்றால், இல்லை என்ற கட்டத்தைத் தட்டுங்கள். வரிக்காக வாங்கிய ஐடிஐஎன் இருந்தால் அதைத் தரலாம். கணவருடைய எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

கல்வித் தகுதிக் கேள்வியில் இந்தியாவில் முடித்த பட்டத்தைக் குறிப்பிடுங்கள். ஆனால் அதற்காக மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி இப்போதே பணம் செலவழிக்க வேண்டாம். பிசினஸ் அறிமுகத்துக்கு முன்தேவைப் பாடம் எதுவும் பொதுவாகக் கிடையாது. பிற்பாடு பட்டம் வாங்கவோ வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறவோ நினைத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். நான் அவசரப்பட்டு அனுப்பினேன். முதல் வகுப்புக்கு அந்த அறிக்கையை யாரும் கேட்கவே இல்லை.

போலி விண்ணப்பங்கள் பெருகிவிட்டதால் அடையாளச் சரிபார்ப்பு இப்போது கடுமையாகிவிட்டது. சரிபார்க்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் விழலாம். விண்ணப்பித்த ஒரு வாரம் தினமும் அங்கேயும் பாருங்கள். இணையத்தில் முடியவில்லை என்றால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு 'அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ்' அலுவலகத்துக்கு நேரில் போய்விடுங்கள். நேரில் பத்து நிமிடத்தில் முடிவது மின்னஞ்சலில் பத்து நாள் ஆகும்.

4. எந்தக் கல்லூரி, எந்த வகுப்பு

வளைகுடாவின் கிழக்குப் பக்கம் ஃப்ரீமான்டில் ஓலோன், ஹேவர்டில் சபோ, லிவர்மோரில் லாஸ் பொசிட்டாஸ் இருக்கின்றன. தெற்கே சான்டா கிளாராவில் மிஷன், சாரடோகாவில் வெஸ்ட் வேலி, குப்பர்டினோவில் டி ஆன்சா. இவற்றில் டி ஆன்சாவும் அதன் சகோதரக் கல்லூரி ஃபுட்ஹில்லும் செமஸ்டர் முறையில் இல்லை, காலாண்டு முறையில் நடப்பவை. அங்கே யூனிட்டுக்கு 31 டாலர், ஆனால் ஒரு பாடத்துக்கு யூனிட் கூடுதலாக இருக்கும். பருவம் குறுகியது, பாடம் வேகமாக ஓடும். 46ஐயும் 31ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

கல்லூரிக்குக் கல்லூரி பாட எண் மாறும். 'இன்ட்ரொடக்ஷன் டு பிசினஸ்' என்ற பெயரைத் தேடுங்கள். பாட விவரத்தில் 'சி-ஐடி பஸ் 110' என்று இருந்தால், அது மாநிலம் முழுவதும் ஒப்புக்கொண்ட பாடத்திட்டத்தோடு பொருந்துகிறது என்று அர்த்தம். நாளைக்கு வேறு ஊருக்குக் குடிபோய் வேறு கல்லூரியில் தொடர்ந்தாலும் வீணாகாது.

பி.காம் முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த அறிமுகப் பாடத்தில் மேலாண்மை, சந்தைப்படுத்தல், கணக்கியல், நிதி, மனிதவளம், தொழில் அமைப்பு வகைகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். நான்கு வருடப் பட்டத்துக்குப் பிசினஸில் மாற நினைத்தால் உண்மையில் கனமான பாடங்கள் நிதிக் கணக்கியல், நிர்வாகக் கணக்கியல், தொழில் சட்டம் ஆகியவை. ஆனாலும் படிப்பை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் முதலில் அறிமுகத்தையே எடுங்கள். இங்கே வகுப்பு நடக்கும் விதத்தைப் பழகிக்கொள்ள இதைவிட இலகுவான இடம் இல்லை. என்னைப் போல அறிவியல் படித்தவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எத்தனை வாரம். ஒரு யூனிட்டுக்கு ஒரு பருவத்தில் 54 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள், வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து. மூன்று யூனிட் என்றால் 162 மணி நேரம். 18 வாரத்தில் பரப்பினால் வாரத்துக்கு 9 மணி. அதே பாடத்தை 8 வாரத்தில் முடிக்கும் பிரிவும் உண்டு, அப்போது வாரத்துக்கு 20 மணி. என் ரெசிடென்சி தகராறு முடிவதற்குள் முழுப்பருவ வகுப்பு நிரம்பிவிட்டதால் மார்ச்சில் தொடங்கும் 8 வாரப் பிரிவில்தான் எனக்கு இடம் கிடைத்தது. மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த எட்டு வாரம் இரவு பன்னிரண்டு மணிக்கு முன்னால் படுத்ததில்லை. முதல்முறை சேர்பவர்கள் தயவுசெய்து முழுப்பருவ வகுப்பை எடுங்கள்.

இரண்டாவது, நேரிலா, இணையத்திலா. இணைய வகுப்பிலும் இரண்டு வகை: குறித்த நேரத்தில் ஜூமில் வர வேண்டியது, நேரக் கட்டுப்பாடு இல்லாதது. குழந்தை இருப்பவர்கள் கடைசி வகையைத்தான் விரும்புவார்கள். ஆனால் வீட்டுக்கு வெளியே நாலு மனிதர்களைப் பார்க்க வேண்டும், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று ஏங்குபவர்கள் வாரம் ஒருநாள் மாலை நடக்கும் நேரடி வகுப்பைத் தேடுங்கள். அது தரும் தெம்பு தனி.

மூன்றாவது, புத்தகச் செலவு. 'ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்' என்ற அடையாளம் வகுப்புப் பட்டியலிலேயே இருக்கும். பிசினஸ் அறிமுகத்துக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட இலவசப் பாடநூலைப் பல ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த அடையாளம் இல்லாத பிரிவில் 100 டாலருக்கு மேல் புத்தகச் செலவு வரலாம். பதிப்பாளரின் 'ஆக்சஸ் கோட்' வாங்கச் சொல்லியிருந்தால் பழைய புத்தகம் உதவாது, வீட்டுப்பாடமே அந்த ஆக்சஸ் கோட் போட்டால்தான் திறக்கும்.

நான்காவது, அது கிரெடிட் வகுப்புதானா என்பது. 'கம்யூனிட்டி எஜுகேஷன்' என்ற பெயரில் சனிக்கிழமைப் பட்டறைகள் நடக்கும். நன்றாகவே இருக்கும், ஆனால் யூனிட் கிடைக்காது.

5. இடம் பிடிப்பது

இலையுதிர்ப் பருவம் ஆகஸ்ட் கடைசியிலும், வசந்தப் பருவம் ஜனவரி இறுதியை ஒட்டியும் தொடங்கும். பதிவு பல மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும். வசந்தத்துக்கு நவம்பர் வாக்கில், இலையுதிருக்கு கோடைக்கு முன்பே. புது மாணவர்களுக்குப் பதிவு நாள் கடைசியில்தான் வரும். இணைய ஓரியண்டேஷனை முடித்து, கவுன்சிலரைப் பார்த்து ஒரு படிப்புத் திட்டம் போட்டுவிட்டால் அந்த நாள் முன்னால் வரும். கவுன்சிலர் என்றால் மனநல ஆலோசகர் என்று நினைத்துத் தயங்காதீர்கள். எந்தப் பாடம் எப்போது எடுக்கலாம் என்று வழிகாட்டுபவர் அவர், கட்டணம் இல்லை.

வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்டில் சேருங்கள். முதல் பத்துக்குள் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம் என்பது என் அனுபவம். முதல் வாரத்தில் பலர் விலகுவார்கள். இடம் வந்தால், வகுப்பில் சேர்வதற்கான 'ஆட் கோட்' என்ற எண்ணை ஆசிரியர் அனுப்புவார். அதற்குக் கெடு உண்டு. கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் வரும், உங்கள் ஜிமெயிலுக்கு வராது. அந்த மின்னஞ்சலை முதல் நாளே கைபேசியில் இணைத்துவிடுங்கள்.

6. பணம்

மூன்று யூனிட்டுக்கு 138 டாலர். சுகாதாரக் கட்டணம் இருபது டாலருக்கு மேல் வரும். மாணவர் பிரதிநிதிக் கட்டணம் 2 டாலர், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மாணவர் செயல்பாட்டுக் கட்டணம் சில டாலர்கள். நேரடி வகுப்பு என்றால் பார்க்கிங் தனி. பார்க்கிங் தவிர மற்றதெல்லாம் சேர்த்து 200 டாலருக்குள் அடங்கும்.

வெளிமாநிலக் கட்டணம் விழுந்தால் இந்த 46 டாலரோடு யூனிட்டுக்குப் பல கல்லூரிகளில் 300 டாலருக்கு மேல் சேரும். அப்படிப் பில் வந்தால் பயந்து உடனே கட்டிவிடாதீர்கள், கட்டாமல் பேசாமலும் இருந்துவிடாதீர்கள். சில கல்லூரிகள் குறித்த நாளுக்குள் பணம் வரவில்லை என்றால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடும். ரெசிடென்சி அலுவலரிடம் சான்றுகளைக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இடத்தைத் தக்கவைக்க வழி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனை மனுவுக்கும் ஒவ்வொரு பருவத்திலும் கெடு தேதி இருக்கிறது.

எச்-4 இல் இருப்பவர்கள் ஃபாஃப்ஸா என்ற நிதியுதவி விண்ணப்பம் போட முடியாது. கிரீன் கார்டு வந்துவிட்டதென்றால் கட்டாயம் போடுங்கள். வருமானத்தைப் பொறுத்து 'கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட்' மூலம் அந்த 46 டாலரும் தள்ளுபடியாகும்.

7. முதல் வாரம் தவறவே கூடாது

வகுப்பெல்லாம் கேன்வாஸ் என்ற தளத்தில் நடக்கும். முதல் நாள் உள்ளே போய்ப் பார்ப்பது மட்டும் வருகை ஆகாது. பெரும்பாலும் 'உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்' என்று ஒரு டிஸ்கஷன் இருக்கும். குறித்த நாளுக்குள் அதை எழுதாவிட்டால் வராதவர் என்று ஆசிரியர் பெயரை நீக்கிவிடுவார். வெயிட்லிஸ்டில் காத்திருப்பவருக்கு அந்த இடம் போய்விடும். எனக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்த அன்றே எழுதியதால் தப்பித்தேன்.

சிலபஸை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டுங்கள். நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடப்பட்டியல். இங்கே அது ஒப்பந்தம் மாதிரி: எந்த வேலைக்கு எத்தனை மதிப்பெண், தாமதத்துக்கு எவ்வளவு கழிப்பு, ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கும். கெடு பெரும்பாலும் இரவு 11:59.

8. பாடம் எப்படி இருக்கும்

நம் ஊர் மாதிரி கடைசியில் ஒரே பெரிய பரீட்சை கிடையாது. வாரம் ஒரு குவிஸ், ஒரு டிஸ்கஷன், இடையில் ஒன்றிரண்டு தேர்வு, கடைசியில் ஒரு பிசினஸ் பிளான், பெரும்பாலும் குழுவாக. டிஸ்கஷன் என்றால் நீங்கள் ஒரு பதில் எழுதி, வகுப்புத் தோழர்கள் இரண்டு பேருக்காவது மறுமொழி எழுத வேண்டும். 'அருமை, ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதினால் மதிப்பெண் வராது. அவர் சொன்னதில் ஒன்றை எடுத்து, உங்கள் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஊர் மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைக்கும் நோட்டு, அம்மா போட்ட ஏலச்சீட்டு இவற்றைப் பற்றி நான் எழுதியபோதுதான் அதிகம் பேர் பதில் போட்டார்கள். நமக்குத் தெரிந்தது சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள்.

புத்தகத்து வரிகளை மனப்பாடமாக அப்படியே எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே அது திருட்டாகக் கருதப்படும். டர்னிட்டின் போன்ற மென்பொருள் உடனே காட்டிக்கொடுக்கும். சொந்த வாக்கியத்தில் எழுதி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். எப்படிக் குறிப்பிடுவது என்று கல்லூரி நூலகத்தில் சொல்லித் தருவார்கள். எழுத்துக்கு உதவும் டியூட்டரும் இலவசம்.

ஆசிரியருக்கு எழுதும்போது 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம். 'புரொஃபசர்' என்று போட்டு அவருடைய கடைசிப் பெயர், அது போதும். ஆபீஸ் ஹவர்ஸ் என்று வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருப்பார்கள். சந்தேகம் கேட்கப் போனால் தொந்தரவு என்று நினைக்க மாட்டார்கள்.

நமக்குப் புதிதாக இருக்கும் பகுதி தொழில் அமைப்பு வகைகள். தனிநபர் உடைமை, கூட்டாண்மை, எல்எல்சி, கார்ப்பரேஷன். எல்எல்சி என்றால் பொறுப்பு வரையறுக்கப்பட்டது, பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் எல்எல்சிக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், வருடத்துக்குக் குறைந்தது 800 டாலர் மாநில வரி உண்டு என்பதை இந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் குழு பிசினஸ் பிளானுக்கு இட்லிப் பொடியை எடுத்துக்கொண்டோம். வீட்டுச் சமையலறையில் செய்யும் சில வகை உணவுகளை விற்க 2013 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் பதிவோ அனுமதியோ வாங்க வேண்டும். வாங்குபவரிடம் நேராக விற்பதற்கு ஏ வகை, கடைகள் மூலமும் விற்பதற்கு பி வகை. லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி ஒரு டப்பாவின் அடக்கவிலை வரை கணக்குப் போட்டோம்.

ஆனால் ஒன்று. வகுப்புக்காகத் திட்டம் போடுவது வேறு, விற்பது வேறு. எச்-4 இல் வேலை அனுமதி அட்டை இல்லாமல் பொடி விற்றுக் காசு வாங்குவதும் வேலைதான், தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் விற்றாலும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்காக கிரீன் கார்டுக்கு நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதலான பிறகு பொதுவாக அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை திட்டம் காகிதத்திலேயே இருக்கட்டும்.

9. நடுவில் விட வேண்டியிருந்தால்

குழந்தைக்கு உடம்பு முடியாமல் போகும், ஊரிலிருந்து அவசரச் செய்தி வரும். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். நின்றுவிட்டால் எஃப் (தோல்வி) விழும், அது டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவில் நிரந்தரமாக நிற்கும். மூன்று தேதிகளைக் குறித்து வையுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் நாள்: முழுப்பருவ வகுப்புக்கு முதல் இரண்டு வாரம், குறுகிய வகுப்புக்கு மொத்தக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 8 வார வகுப்பில் ஐந்தாறு நாள்தான். அடுத்தது தடயமே இல்லாமல் விலகும் நாள், சுமார் ஐந்தில் ஒரு பங்கு முடியும் முன். அப்புறம், விலகியவர் என்று காட்டும் டபிள்யூ குறியுடன் விலகும் கடைசி நாள், முக்கால்வாசிப் பருவம் முடியும்போது. உங்கள் வகுப்புக்கான சரியான தேதிகள் மாணவர் தளத்தில் வகுப்புப் பெயரின் பக்கத்திலேயே இருக்கும். விலகுவதை நீங்களே தளத்தில் போய்ச் செய்ய வேண்டும், ஆசிரியரிடம் சொன்னால் மட்டும் போதாது.

10. முடித்த பிறகு

மதிப்பெண் வந்ததும் டிரான்ஸ்கிரிப்டை ஒருமுறை திறந்து, பெயரும் பாட எண்ணும் சரியா என்று பாருங்கள். சிலபஸை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிறகு வேறு கல்லூரி இந்தப் பாடத்தை ஏற்குமா என்ற கேள்வி வந்தால் அதைத்தான் கேட்பார்கள், பல வருடம் கழித்து அது கிடைப்பது கடினம். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று பார்க்க அசிஸ்ட் என்ற மாநிலத் தளம் இருக்கிறது. அடுத்த பாடத்தை எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

ஜனவரியில் 1098-டி என்ற வரிப்படிவம் கல்லூரித் தளத்தில் வருகிறதா என்று பார்த்து, வரி போடுபவரிடம் காட்டுங்கள். கட்டணத்துக்கு வரிச் சலுகை உண்டா என்பது உங்கள் வருமானத்தையும் வரி நிலையையும் பொறுத்தது. அந்தப் படிவத்தையும், கட்டண ரசீதையும், ரெசிடென்சிக்குக் கொடுத்த எல்லாத் தாள்களின் நகலையும் ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் உங்கள் பெயரை எழுதி வையுங்கள். ஒரு பருவம் விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தால் ரெசிடென்சி கேள்வியை மறுபடியும் கேட்க வாய்ப்பு உண்டு.